சரிவில் ஒரு செங்கல் வரிசை

அரசுப் பள்ளி ஒன்றின் வாசலை நினைத்துப் பாருங்கள். கொடிக்கம்பம் இருக்கும். வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரை பாதையின் இரு பக்கமும் செங்கற்களைச் சாய்த்து, பல் பல்லாக நட்டிருப்பார்கள். ஒரு கல்லுக்குக் காவி, அடுத்த கல்லுக்குச் சுண்ணாம்பு. சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் புதிதாகப் பூசப்பட்டு, தீபாவளி மழையில் கரைந்து, குடியரசு தினத்துக்கு மறுபடி பூசப்படும். நான் படித்த பள்ளியிலும் இருந்தது. நான் பணியாற்றிய மூன்று பள்ளிகளிலும் இருந்தது. இப்போது போடிநாயக்கனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் நான் கணிதம் கற்பிக்கும் பள்ளிக்கு அது இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே பட்டது. வந்த முதல் ஆண்டிலேயே முன்னின்று அதைப் போட வைத்தேன்.

அதனால் நேர்ந்ததையும், அதிலிருந்து பிறந்த பாடங்களையும் எழுதுகிறேன். உங்கள் பள்ளி சமதளத்தில் இருந்தால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. தேனி, திண்டுக்கல், நீலகிரி, தென்காசி என்று மலையடியில் இருப்பவர்களுக்கு முழுவதும் பயன்படக்கூடும்.

எங்கள் பள்ளி மைதானம் பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும். பின்னால் மலை அவ்வளவு உயரமாக நிற்பதால் அதன் காலடியில் எல்லாமே தட்டையாகத் தோன்றுகிறது. போடிமெட்டுக்கு ஏறும் சாலை வளைந்து வளைந்து போவதை வகுப்பறைச் சன்னலிலிருந்தே பார்க்கலாம். விடியற்காலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் அந்தச் சாலையில்தான் ஏறுகின்றன. எங்கள் பிள்ளைகளில் பலரின் அம்மாக்கள் அந்த ஜீப்புகளில் போகிறவர்கள். மீதிப் பேரில் இலவம்பஞ்சு வேலை, மாந்தோப்பு, கட்டட வேலை செய்யும் குடும்பங்கள் உண்டு.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரை 12 மீட்டர் நீளத்துக்கு நூல் பிடித்து, இரு பக்கமும் செங்கல் பதித்தோம். நூல் பிடித்த மாதிரி என்பார்களே, அப்படி நேர். உள்பக்கம் பாத்தி கொத்தி, சாணி எரு போட்டு, செம்பருத்தியும் கறிவேப்பிலையும் துளசியும் வைத்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். நானும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் ஒரு மாலை, மலைமேல் கறுத்து வந்து ஒரு மணி நேரம் கொட்டியது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், பாதை இருந்த இடத்தில் ஓடை. மைதானத்தின் மேற்பகுதியில் விழுந்த தண்ணீர் முழுவதையும் என் இரண்டு செங்கல் வரிசைகளும் சேர்த்துப் பிடித்து, நடுவே ஒரு கால்வாயாக வாசலுக்கு அனுப்பியிருந்தன. கற்களின் அடிமண் அரித்துப் போய், ஒன்று சாய, அதன்மேல் அடுத்தது சாய, வரிசையாகப் படுத்திருந்தன. எருவோடு சேர்த்து பாத்தி மண் வாசல் கதவுக்கு முன்னால் ஒரு சாண் உயரத்துக்குக் குவிந்திருந்தது.

மண்ணை அள்ளிவிடலாம். அதே வாரத்தில் நடந்த இன்னொன்றுதான் என்னை நிறுத்தியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சேற்றில் வழுக்கி, நிமிர்ந்து நின்ற ஒரு செங்கல் முனையில் விழுந்தாள். முழங்காலில் மூன்று தையல். அந்த முனையை அழகென்று நட வைத்தவள் நான்தான். அவள் பாட்டி என்னைத் திட்டவில்லை, "கல்ல ஏன் டீச்சர் கூர்ப்பா நட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் நடுகிறார்கள் என்பது பதிலாகுமா?

செங்கல் வரிசை எதற்கு?

கற்களைப் பிடுங்கி அடுக்கி வைத்துவிட்டு, எட்டாம் வகுப்பில் இந்தக் கேள்வியை வைத்தேன். "அழகுக்கு", "செடியை மிதிக்காம இருக்க", "ஆடு வராம இருக்க" என்று சொன்னார்கள். (ஆடு என்றவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நாலு அங்குலக் கல்லுக்கு எந்த ஆடு பயப்படும்?) பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: "மண்ணு போகாம இருக்க டீச்சர். ஆனா நம்ம நட்டது மண்ண அனுப்பிவிடுற மாதிரி இருக்கு. எங்கம்மா வேலை பாக்குற தோட்டத்துல இப்படி மேல இருந்து கீழ நேரா இறக்க மாட்டாங்க. குறுக்கத்தான் வெட்டுவாங்க."

அவள் சொன்னது சரி. மலைச்சரிவில் ஏலம் நடும்போது சரிவுக்குக் குறுக்காகப் படி வெட்டி, ஒரே உயரத்தில் குழிகளை வரிசையாக எடுப்பார்கள். செடியடியில் உதிர்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்புவார்கள். தண்ணீர் ஒரே ஓட்டமாக இறங்கிவிடக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. புவியியல் பாடத்தில் நாம் கரும்பலகையில் வளைத்து வளைத்து வரையும் சம உயரக் கோடு அங்கே தரையிலேயே இருக்கிறது. அந்தச் சரிவுகளில் தினமும் ஏறி இறங்கும் ஒருவரின் மகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, நான் நூல் பிடித்து நேர்கோடு போட்டிருக்கிறேன்.

வாயால் சொன்னது போதாதென்று இரண்டு தட்டுகளில் செய்து பார்த்தோம். இந்தச் செயல்பாட்டை எந்த வகுப்பிலும் செய்யலாம், செலவே இல்லை. ஆழமான இரண்டு தட்டுகளில் நாலு விரல் உயரத்துக்கு மைதான மண்ணைப் போட்டு அழுத்தினோம். இரண்டையும் ஒரு பக்கம் ஒரே அளவுக்கு உயர்த்தி வைத்தோம். ஒன்றில் உடைந்த ஓட்டுச் சில்லுகளை மேலிருந்து கீழாக இரண்டு வரிசை நட்டோம். மற்றதில் அதே சில்லுகளைக் குறுக்காக மூன்று வரிசை நட்டோம். மூடியில் துளையிட்ட பாட்டிலால் ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீரைத் தூவி, வழிந்து வந்ததைத் தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, மதியம்வரை அசையாமல் வைத்தோம். முதல் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல். இரண்டாவதில் அரை விரல்கூட இல்லை. தண்ணீரும் குறைவாகவே வந்திருந்தது. மீதியை மண் குடித்துவிட்டது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் இரண்டாவது தட்டிலும் ஒரு சங்கதி இருந்தது. நடு வரிசையில் ஒரு சில்லின்மேல் தண்ணீர் வழிந்து, அதன் கீழே சிறு பள்ளம் பறித்திருந்தது. குறுக்கே வைத்தால் மட்டும் போதாது, மிஞ்சிய தண்ணீருக்கு வழி விட வேண்டும் என்பதை அந்தப் பள்ளம் காட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்த அந்த மாணவியின் அம்மாவும் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு இதையே கேட்டார்: "மேட்டுல இருந்து வர்ற தண்ணிக்கு எங்க டீச்சர் வழி விட்டிருக்கீங்க?"

கல் சுமப்பது யார்?

மறுபடி பதிக்கலாம் என்று முடிவானபோது, ஒரு தந்தை தலைமை ஆசிரியர் அறைக்கு வந்தார். கொத்தனார். கோபமாகத்தான் வந்தார். "நான் பதினோரு வயசுல சூளையில கல்லு சொமந்தவன் டீச்சர். எம் பையன் பள்ளிக்கூடத்துல கல்லு சொமக்க வேணாம்."

செயல்வழிக் கற்றல் என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். நமக்கு அது கற்றல் செயல்பாடு. அவருக்கு அது அவர் தப்பி வந்த இடம். பள்ளித் தோட்ட வேலை என்றாலே சில பெற்றோர் முகம் சுளிப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கக்கூடும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. எந்தப் பிள்ளையைக் கூட்டச் சொல்கிறோம், எந்தப் பிள்ளையை எழுதச் சொல்கிறோம் என்பதையும் பெற்றோர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி ஒரு வரையறை வைத்துக்கொண்டோம். கல் சுமப்பதும், கடப்பாரை பிடிப்பதும், பள்ளம் தோண்டுவதும் பெரியவர்கள் வேலை. அதற்கு விருப்பமுள்ள பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரு ஞாயிறு வருவோம். அளப்பது, கணக்கிடுவது, மட்டம் பார்ப்பது, கோடு போடுவது, எங்கே வைக்க வேண்டும் என்று முடிவெடுப்பது பிள்ளைகள் வேலை. இதில் ஆண், பெண் பிரிவினை இல்லை. அந்தக் கொத்தனாரும் அந்த ஞாயிறு வந்தார். மகன் கல்லைத் தொடவில்லை. அப்பாவின் ரசமட்டத்தைத்தான் கையில் வைத்திருந்தான்.

மட்டம் பார்ப்பது

அவர் கொண்டுவந்த இன்னொரு பொருள், தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் பார்த்திருப்பீர்கள். குழாயின் இரு முனையும் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். திரவம் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று அறிவியல் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை வைத்துத்தான் அவர் இருபது ஆண்டுகளாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும் என்பதை அவர் காட்டியபோது எனக்கே புதிது.

கொடிக்கம்பத்தடியில் ஓர் அளவுகோல், வாசலில் ஓர் அளவுகோல். தண்ணீர் மட்டத்தை இரண்டிலும் குறித்து, வித்தியாசம் எடுத்தார்கள். 96 செ.மீ. தட்டை என்று நாங்கள் நினைத்த மைதானம் 12 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இறங்குகிறது! 96-ஐ 1200-ஆல் வகுத்தால் 8 விழுக்காடு சரிவு. அதே எண்ணைப் பத்தாம் வகுப்பில் கொடுத்து, சரிவின் கோணம் எவ்வளவு இருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொன்னேன். 30 டிகிரி, 20 டிகிரி என்றார்கள். tan அட்டவணையில் 0.08-ஐத் தேடியபோது வந்தது சுமார் 4½ டிகிரிதான். இவ்வளவு சிறிய கோணம் இவ்வளவு மண்ணைக் கொண்டுபோகுமா என்ற கேள்வி அன்று வகுப்பில் நீண்ட நேரம் ஓடியது. முக்கோணவியலை இவ்வளவு ஆர்வத்தோடு அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

குழாய் எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. அதற்கு மாற்றாக மூங்கில் கழிகளால் ஒரு சட்டம் செய்துகொள்ளலாம். சம நீளமுள்ள இரண்டு கழிகளை உச்சியில் கட்டி, விரித்து, நடுவே ஒரு குறுக்குக் கழி. ஆங்கில எழுத்து 'ஏ' போல இருக்கும். உச்சியிலிருந்து ஒரு கயிறு, அதன் முனையில் ஒரு கல். ஏதாவது ஓரிடத்தில் நிறுத்திக் கயிறு குறுக்குக் கழியைத் தொடும் புள்ளியைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு புள்ளிகளில் நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி, கயிறு அந்த நடுப்புள்ளியில் நிற்கும்படி ஒவ்வோர் அடியாகச் சட்டத்தை நகர்த்தி, கால் படும் இடத்தில் ஒரு குச்சி நட்டுக்கொண்டே போனால் சம உயரக் கோடு தரையில் விழுந்துவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பதினைந்து நிமிடத்தில் பழகிக்கொண்டார்கள். அவர்கள் நட்ட குச்சிகள் நேராக வரவில்லை. பாம்பு போல் வளைந்தன. நேராக்கச் சொல்லிக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

கேரளத்தில் செங்கல் கட்டடக் கலைக்குப் பேர்போன லாரி பேக்கர், 1963 முதல் சில ஆண்டுகள் இடுக்கி மலையில், வாகமண்ணில் வாழ்ந்தவர். சரிவான நிலத்தில் வீட்டின் நீளப் பக்கம் சம உயரக் கோட்டோடு போனால் மண் வெட்டும் வேலையும் செலவும் குறையும் என்று எளிய கோட்டுப் படங்களால் விளக்கியிருக்கிறார். வீட்டுக்குச் சொன்னது பாத்திக்கும் பொருந்துகிறது.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

பிடுங்கிய கற்களில் எல்லாம் மறுபடி பதிக்கத் தக்கவை அல்ல. கொத்தனார் ஒரு கல்லை எடுத்து இன்னொன்றோடு தட்டினார். கணீரென்றால் நன்றாக வெந்த கல்; சொத்தென்றால் வேகாத கல். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. வீட்டுச் சுவருக்கு ஓரளவு வேகாத கல்கூடப் பூச்சுக்குள் ஒளிந்துகொள்ளும். மண்ணில் புதைந்து, நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கும் கல்லுக்கு ஒளிய இடம் இல்லை. இரண்டு மழையில் உதிர்ந்துவிடும்.

இதை அளந்தும் பார்க்கலாம். காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் குடிக்கும் நீர் அதன் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. பக்கத்து மளிகைக் கடையில் தராசு வாங்கி ஆறாம் வகுப்பு செய்தது. கணீரென்ற கல் 2.8 கிலோவிலிருந்து 3.2 கிலோ ஆனது; சுமார் 14 விழுக்காடு. சொத்தென்ற கல்லோ 2.6-லிருந்து 3.3-க்குப் போனது, சுமார் 27 விழுக்காடு. காது சொன்னதையே தராசும் சொன்னது. விழுக்காடு பாடத்துக்கு இனிமேல் நான் லாப நட்டக் கணக்கில் தொடங்கப் போவதில்லை.

ஒரு கல்லின் நீள, அகல, உயரத்தை அளக்கச் சொன்னபோது 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலம் என்று வந்தது. நீளம் அகலத்தின் இருமடங்கு. ஹரப்பா செங்கற்கள் பெரும்பாலும் 4:2:1 என்ற விகிதத்தில் இருந்ததைச் சமூக அறிவியல் ஆசிரியர் வந்து சொன்னார். எங்கள் கொட்டகுடி ஆறு போய்ச் சேரும் அதே வைகையின் கரையில் கீழடியிலும் செங்கல் கட்டுமானங்கள் கிடைத்திருக்கின்றன என்பதில் பிள்ளைகளுக்குத் தனிப் பெருமை. ஏன் இருமடங்கு என்பதற்கு விடையைக் கல்லை அடுக்கி அவர்களே கண்டுபிடித்தார்கள்: குறுக்கே வைத்த இரண்டு கல், நெடுக்கே வைத்த ஒரு கல்லுக்குச் சமம்.

பல் வரிசையும் வர்க்கமூலம் இரண்டும்

பழைய சாய்ந்த பல் வரிசைக்கு எத்தனை கல் செலவானது என்ற கணக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் போனது. 3 அங்குலக் கனமுள்ள கல்லை 45 டிகிரி சாய்த்து அடுக்கினால், தரையில் ஒவ்வொரு கல்லும் பிடிக்கும் இடம் 3 அங்குலம் அல்ல. 3 × √2, அதாவது சுமார் 4¼ அங்குலம். வரைபடத்தாளில் வரைந்தார்கள், பிறகு 20 கல்லைத் தரையில் அடுக்கி அளந்தார்கள். கணக்குப்படி 85 அங்குலம் வர வேண்டும். வந்தது 87. கற்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லாததால் வந்த இரண்டு அங்குலம் அது. விகிதமுறா எண் என்றால் பரீட்சைக்கு மட்டும் வருவது என்று நினைத்திருந்த பிள்ளைகள், அது பள்ளி வாசலில் இத்தனை வருடம் வரிசையாக நின்றிருந்ததைப் பார்த்தார்கள்.

மீட்டர் கணக்கில், ஒரு கல் சுமார் 10.6 செ.மீ. இடம் பிடிக்கிறது. இரு பக்கமும் சேர்த்து 24 மீட்டருக்கு 226 கல். கூர்முனை இல்லாமல் நெடுக்காகப் படுக்கவைத்தால் ஒரு கல்லுக்கு 23 செ.மீ.; அதே நீளத்துக்கு 104 கல்லே போதும். பாதிக்கும் குறைவு. கூர்முனைக்காக நாங்கள் இருமடங்குக்கு மேல் செலவழித்திருக்கிறோம்.

புதிதாகப் பதித்தது இப்படி. பாதைக்கு இரு பக்கமும் 4 மீட்டர் அகலப் பாத்தியில், 3 மீட்டருக்கு ஒன்றாக நான்கு குறுக்கு வரிசை. மொத்தம் 32 மீட்டர், 140 கல். ஒவ்வொரு கல்லையும் பக்கவாட்டில் நிறுத்தி, 4½ அங்குல உயரத்தில் 3 அங்குலத்தை மண்ணுக்குள் விட்டோம். அடியில் இரண்டு விரல் மணல். சிமெண்ட் இல்லை; இடுக்குகளில் மணல்தான், தண்ணீர் கசிந்து போகட்டும் என்று. வரிசைக்கு மேல்பக்கம் எலுமிச்சைப் புல்லும் வெட்டிவேரும். உண்மையில் மண்ணைப் பிடிப்பது அந்த வேர்கள்தாம். வேர் இறங்கும்வரை கல் காவல். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கல் நீளத்துக்கு இடைவெளி விட்டு, அதன் கீழே கூழாங்கல் பரப்பினோம். மேல் வரிசையில் இடைவெளி இடப்பக்கம் என்றால் அடுத்ததில் வலப்பக்கம். பாதையில் ஓடும் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்ப, பாதையின் குறுக்கே சற்றுச் சாய்வாக, தரையோடு தரையாக ஒரு வரிசைக் கல். கால் தட்டாது.

வட்டமா, பிறையா?

மரத்தைச் சுற்றி வட்டமாகச் செங்கல் பதிப்பது நம் இன்னொரு வழக்கம். ஏழாம் வகுப்பின் வட்டச் சுற்றளவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல துணைக்கருவி இல்லை. 60 செ.மீ. ஆரத்தில் கற்களைக் குறுக்காக, உள்பக்கம் ஒன்றையொன்று ஒட்டும்படி அடுக்கச் சொல்லுங்கள். உள்வட்டச் சுற்றளவு 2 × 3.14 × 60 = 376.8 செ.மீ.; 11.5-ஆல் வகுத்தால் 32 கல்லும் கொஞ்சமும். உள்ளே ஒட்டிய கற்கள் வெளியே விரிந்து நிற்கும். வெளிவட்டம் 521.2 செ.மீ. வித்தியாசம் 144.4 செ.மீ., அது 32 இடைவெளியாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 4½ செ.மீ.

இப்போது ஆரத்தை 150 செ.மீ. ஆக்கி அதே வித்தியாசத்தைக் கேளுங்கள். என் வகுப்பில் எல்லோரும் கூடும் என்றார்கள். மறுபடியும் 144.4 தான்! வித்தியாசம் 2 × 3.14 × 23. அதில் ஆரமே இல்லை. கல்லின் எண்ணிக்கை மட்டும் கூடுவதால் இடைவெளி சுருங்கித் தெரிகிறது. ஒரு மாணவன் விடாமல், "மைதானம் முழுசுக்கும் வட்டம் போட்டாலும் 144 தானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கணக்குக்கு வட்டம் நல்லது. எங்கள் சரிவுக்கு ஆகாது. 2 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பைவிட 16 செ.மீ. உயரம். மேலிருந்து வரும் தண்ணீரை மேல் விளிம்பு தடுத்துவிடும். உள்ளே ஊற்றிய தண்ணீரை கீழ் விளிம்பு வெளியே விட்டுவிடும். மரத்துக்கு இரண்டு வகையிலும் நட்டம். அதனால் கீழ்ப்பக்கம் மட்டும் பிறை வடிவில் பதித்தோம். முனைகள் மேட்டைப் பார்த்திருக்கும். தென்னைக்கும் மாவுக்கும் உழவர்கள் கட்டும் பிறை வரப்புதான் இது. அரை வட்டம் 314 செ.மீ., எனவே 14 கல் என்று பிள்ளைகள் கணக்கிட்டார்கள். வைத்துப் பார்த்தால், மேல் மட்டம் ஒன்றாக இருக்க நடுக் கற்கள் 8 செ.மீ. அதிகம் உயர வேண்டியிருந்தது. நடுவில் உள்ள 5 கல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 10 கல்லை நெட்டாக நட்டோம். 14 என்ற விடை 19 ஆனது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்தத் திருத்தத்தை எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி "நிலம் சொன்ன விடை" என்று தலைப்பிட்டிருந்தாள்.

மரத்தடி விஷயத்தில் இன்னும் இரண்டு. கல் அடிமரத்தை ஒட்டி இருக்கக் கூடாது. மரம் பருக்க இடம் வேண்டும். உள்ளே மண்ணைக் குவித்து அடிமரத்தை மூடவும் கூடாது, பட்டை அழுகிவிடும். எங்கள் பக்கத்து வெயிலில் செங்கல் இடுக்கில் தேள் ஒண்டும் என்பதால், சருகை எடுக்கக் கையை விடாமல் குச்சியைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறோம்.

பிள்ளைகள் ஏலச்செடி வைக்கக் கேட்டார்கள். ஏலத்தை ஏலம் விடும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு செடிகூடப் பள்ளியில் இல்லையே என்பது அவர்கள் ஆதங்கம். சுமார் 600 மீட்டருக்கு மேல், நிழலும் ஈரமும் உள்ள மலையில்தான் அது தழைக்கும் என்று விளக்கினேன். இருந்தும் ஒருவன் ஒரு கிழங்கைக் கொண்டுவந்து நட்டான். அது சித்திரை வெயிலைத் தாண்டவில்லை.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு, ஒவ்வொரு வரிசைக்கு மேலும் செ.மீ. குறித்த ஒரு குச்சியை நட்டு, மழைக்குப் பின் படிந்த மண்ணைச் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் அளந்து பதிவேட்டில் எழுதினார்கள். டிசம்பர் முடிவில் மேல் வரிசையில் 5 செ.மீ., கடைசி வரிசையில் 1 செ.மீ. வாசலில் மண் குவியவில்லை என்று சொல்ல ஆசைதான், கொஞ்சம் குவிந்தது. மூன்றாவது வரிசையின் இடைவெளிக்குக் கீழே நாங்கள் கூழாங்கல் போதிய அளவு போடவில்லை, அங்கே பறித்துவிட்டது. அதை இரண்டு கூடை கல் போட்டுச் சரிசெய்தோம்.

காவியும் வெள்ளையும் இப்போது பூசுவதில்லை. வந்து பார்ப்பவர்கள், ஏன் வரிசை வளைந்து வளைந்து போகிறது, நூல் பிடிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். பதில் சொல்லும் பொறுப்பை ஏழாம் வகுப்பு எடுத்துக்கொண்டது. அவர்கள் மூங்கில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வந்தவர்களையே பிடிக்க வைத்துவிடுகிறார்கள்.

பழைய 226 கல்லில் உடைந்ததும் வேகாததும் போக 190 தேறியது. வரிசைகளுக்கு 140, இரண்டு வேம்புக்கும் பிறைக்கு 38. மீதி 12 கல் தண்ணீர்த் தொட்டியடியில் இருக்கிறது. கை கழுவும் இடத்திலிருந்து வழியும் தண்ணீரை முருங்கைக்குத் திருப்ப அது போதுமா என்று ஆறாம் வகுப்பு அளந்துகொண்டிருக்கிறது.